எரிமலைத் தீவுகளும் லயத்து வாசலும்

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன், நமது பாடசாலை ஆசிரியர் அறையில் வண்ணப் பிரசுரமொன்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. கணிதம் கற்பிக்கும் நண்பரின் மைத்துனர் கனடாவில் வாழ்பவர். தமது மணவாழ்வின் இருபத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாடும் பொருட்டு அவர் உல்லாசக் கப்பலொன்றில் இடம் பதிந்திருக்கிறார். நண்பரையும் அவர் மனைவியாரையும் உடன் அழைத்திருக்கிறார். மொரீசியசில் புறப்பட்டு றியூனியன் முதலான எரிமலைத் தீவுகளைச் சுற்றி மீளும் பயணம் அது. குளிர் அறியாத கரைகள், நெருப்பை உமிழும் மலை, கரும்பச்சைச் சரிவுகள், நீலக் கடல் என்று பிரசுரம் பேசிக்கொண்டே போயிற்று. பக்கத்துக்குப் பக்கம் படங்கள். நாமும் ஆவலோடுதான் பார்த்தோம்; பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

கொப்பிகளை அடுக்கிவைக்க வந்த பத்தாந்தர மாணவி ஒருத்தி நமது தோளுக்குப் பின்னே நின்று அப்படங்களைப் பார்த்தாள். கண்டிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வருபவள். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்த மலையில வேல செய்றவங்க எங்க சேர் இருக்கிறாங்க? ஒருத்தரையும் காணோமே" என்று கேட்டாள்.

அறையில் இருந்தோர் சிரித்தனர். "அங்கே தேயிலை இல்லைப் பிள்ளை, கரும்பு" என்றார் நண்பர்.

"அப்ப கரும்பு வெட்டுறவங்க?"

அதற்கு எவரும் விடை கூறவில்லை. மணி அடித்தது; எல்லோரும் வகுப்புகளுக்குச் சென்றோம். ஆயினும் அவ்வினா நம்மோடு வகுப்புக்கும் வந்தது, வீட்டுக்கும் வந்தது. அழகைக் கண்டு களிப்பது குற்றமாகுமா? ஆகாதெனில், ஒரு சிறுமியின் வினாவுக்கு முன் படித்தவர் பலர் வாயடைத்து நின்றது ஏன்?

முதலில் அவள் கேட்டதற்கே விடை தேடுவோம். றியூனியன் தீவில் 1848இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தத்தில் கைரேகை பதித்துக் கப்பலேறியவர்களே அக்கைகளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இன்றும் அவர்தம் வழித்தோன்றல்களை அங்குள்ளோர் 'மலபார்' என்றே அழைக்கின்றனர். மொழி போய்விட்டது, கோயிலும் தீமிதியும் எஞ்சியிருக்கின்றன. அவர்கள் நடத்தப்பட்ட முறை காரணமாக 1882இல் பிரித்தானிய இந்திய அரசே அத்தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது என்றால், நிலைமை எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். மொரீசியசின் கதையோ இன்னும் பெரிது. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் கற்படிகளில் கால் வைத்தனர். 'அப்பிரவாசி காட்' எனப்படும் அவ்விடம் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உல்லாசக் கப்பல் வந்து தங்குவதும் அதே துறைமுகத்தில்தான்.

இத்தீவுகளின் பச்சை தானாக விளைந்ததன்று. எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகிக் கிடந்த தரையை, கல் பொறுக்கிக் குவித்துக் கரும்பு நிலமாக்கியவை மனிதக் கைகள். மொரீசியசின் கரும்பு வயல்களின் நடுவே கருங்கற் குவியல்கள் இன்றும் சிறு குன்றுகளைப்போல் நிற்கின்றன. பயணி அவற்றையும் இயற்கையின் விந்தையென்றே படம் பிடித்துச் செல்லக்கூடும்.

கடலுக்கு அப்பால் போவானேன்? 'கண்டிச் சீமை' என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஒரு காலத்தில் அறியாதார் இலர். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஊர் ஊராய்ச் சென்று கதை சொன்னார்கள் என்பது மலையகத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நம் மலைநாட்டைப் பற்றிய முதல் சுற்றுலா விளம்பரம் அதுதான் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. வெப்பமான தீவு, வற்றாத வளம், கவலையற்ற வாழ்வு: கங்காணி சொன்னதும் இதுவே, பிரசுரம் சொல்வதும் இதுவே. ஒரேயொரு வேறுபாடு. கங்காணியை நம்பியவர்கள் மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் மாண்டார்கள். பிரசுரத்தை நம்புபவருக்கு அறைக்குக் காலை உணவு வரும்.

1867ஆம் ஆண்டைக் கண்டி மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். அவ்வாண்டில்தான் கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் வந்தது. அவ்வாண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பரீட்சைக்கு இவ்விரண்டும் போதும். அந்த 19 ஏக்கரைத் திருத்தியவர்கள் யாவர் என்பது வினாத்தாளில் வருவதில்லை.

இனித் தத்துவ ஞானிகளிடம் செல்வோம். ஜெர்மானியச் சிந்தனையாளர் கான்ட், 1790இல் வெளியிட்ட நூலில், இடிமுழக்கம், சூறாவளி, எரிமலை, பொங்கும் கடல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கூறி, அச்சந்தரும் காட்சி மனிதனின் உள்ளத்தை எவ்வாறு உயர்த்துகிறது என்று ஆராய்ந்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்று உண்டு: காண்பவன் பாதுகாப்பான இடத்தில் நிற்கவேண்டும். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய உரோமானியக் கவிஞர் லுக்ரீசியசும் இதையொத்த ஒன்றைக் கூறினார். கரையில் நிற்பவனுக்குக் கடலில் தத்தளிப்பவனின் போராட்டம் காண இனிது. பிறன் துன்பம் இனிது என்பதனாலன்று, தான் அதில் அகப்படவில்லை என்பதனால் என்றார் அவர்.

ஆழ்ந்த கருத்துகள்தாம். ஆனால் இவ்விருவரும் கேளாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. அப்பாதுகாப்பான இடம் எல்லார்க்கும் கிடைக்கிறதா? 1902 மே 8ஆம் திகதி காலை, கரீபியத் தீவான மார்த்தினிக்கில் பெலே எரிமலை வெடித்தது. சில நிமிடங்களில் சென் பியேர் நகரம் சாம்பலாயிற்று. ஏறத்தாழ 28,000 பேர் இறந்தனர். 1853இல் இந்தியக் கூலிகளை ஏற்றிவந்த முதற் கப்பல் நங்கூரமிட்டதும் இந்நகரின் துறையில்தான் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். கப்பல் தட்டில் நிற்பவனுக்கு எரிமலை பெருங்காட்சி. சரிவில் குடியிருப்பவனுக்கு அது வீட்டுக்குப் பின்புறம்.

நம் நாட்டில் எரிமலை இல்லை. நம் மலை எரிவதில்லை, சரிகிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்களில் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. குடியிருந்தோர் அறியாமலா இருந்தார்கள்? பெயர்ந்து செல்ல அவர்களுக்கு நிலம் ஏது? அம்மலைத்தொடரைத்தான் பதுளை இரயிலின் கதவோரம் தொங்கியபடி உலகத்து இளைஞர் எல்லாம் படம் பிடித்துக்கொண்டு போகின்றனர். மலையகத்தின் இதே இரயில் பாதையில் ஒரு காலத்தில் வேறொரு வண்டி ஓடிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் தலைமன்னாருக்குச் சென்ற வண்டி அது. ஒப்பந்தம் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய தொகை 5,25,000 பேர். உற்றாரைப் பிரிந்து அழுதவாறு சென்றமையால் மலையகத்தார் அதனை 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அந்த வண்டியின் சன்னல்களிலும் மலை இதே அழகோடுதான் தெரிந்திருக்கும்.

தமிழ் மரபு இவ்விடயத்தில் மேலை அறிஞரினும் தெளிவாக இருந்தது என்று சொன்னால் பழம்பெருமை பேசுவதாகச் சிலர் முகம் சுளிக்கலாம். எனினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். தொல்காப்பியர் நிலத்தைப் பேசும்போது வெறும் நிலத்தைப் பேசவில்லை. மலையென்றால் அதற்குரிய தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று கருப்பொருளை அடுக்குகிறார். செய்தி என்பது அங்கு வாழ்வோரின் தொழில். உணா என்பது அவர் உண்பது. இவ்விரண்டும் இன்றிக் குறிஞ்சி இல்லை. அதற்கு மேலாக, மனித உள்ளத்தின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் இன்றி நிலத்துக்குப் பாட்டில் இடமே இல்லை. பிரசுரத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். மரம் இருக்கிறது, புள் இருக்கிறது. பயணிக்கு முன் ஆடிக்காட்டும் பறையும் இருக்கிறது. உணாவும் செய்தியும் மட்டும் இல்லை. மாணவி காணவில்லை என்றது இவ்விரண்டையுந்தான். அவள் தொல்காப்பியம் படித்தவளல்லள்.

இங்கே நண்பரின் மறுப்பையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. மறுநாள் அவர் நம்மைத் தேடிவந்து கேட்டார்: "இருபத்திரண்டு வருஷம் சுண்ணக்கட்டி பிடித்தேன். பத்து நாள் கடலில் போய் வந்தால் புரட்சி நின்றுபோகுமா? உங்களுடைய கண்டி வாவி யார் வெட்டியது? நீங்கள் அதைச் சுற்றி நடப்பதில்லையா?"

நாம் மாலைதோறும் நடப்பதுண்டு. வாவியை 1807ஆம் ஆண்டளவில் வெட்டத் தொடங்கியவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இராஜகாரியம் என்ற பெயரில் குடிமக்களின் கட்டாய உழைப்பில் உருவானது அது. எதிர்த்தவர்களை வாவியின் அடித்தரையிலேயே கழுவேற்றினான் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. அந்த மன்னனும் 1816இல் ஆங்கிலேயரால் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 1832இல் மாண்டான். (அவனுக்கும் அது கடற்பயணந்தான்.) உலகில் அழகிய இடமெதற்கும் இத்தகைய அடித்தளம் ஒன்று இருக்கும். அதற்காகக் கண்களை மூடிக்கொண்டு நடப்பதா?

ஓய்வும் உல்லாசமும் முதலாளி வர்க்கத்தின் சொத்து என்று நாம் எழுதிக்கொடுத்துவிடவும் கூடாது. தொழிலாளர் போராடிப் பெற்றவற்றுள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் ஒன்று. 1936இல் பிரான்சில் வேலைநிறுத்த அலையின் பயனாக இரு வார விடுமுறை சட்டமாயிற்று; ஆலைத் தொழிலாளர் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாக அக்கோடையில் கடலைக் கண்டனர். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் ஊதிய விடுமுறைக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தன் 24ஆம் உறுப்புரையில் ஓய்வையும் பொழுதையும் உரிமையென்றே கூறிற்று. ஆதலின் நண்பர் கப்பலேறுவதில் நமக்கு மறுப்பில்லை. ஆசிரியன் உல்லாசமாய் இருத்தலாகாது என்னும் பழைய உபதேசத்தை நாம் ஒருநாளும் ஏற்றவரல்லர்.

ஆனால் அக்கப்பலுக்குள்ளேயே இன்னொரு தீவு உண்டு என்பதை நண்பர் அறியவேண்டும். உல்லாசக் கப்பல்கள் பலவும் பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுகின்றன. சொந்த நாட்டின் தொழிற்சட்டமும் வரியும் தம்மேல் படாதிருக்கக் கப்பல் முதலாளிகள் கண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஒப்பந்தம் என்ற சொல் நம் காதுக்குப் பழகியதுதான். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது பயணிகள் பெரும்பாலும் வீடு சேர்ந்தபின்னும் பணியாளர் பல்லாயிரவர் கடலிலேயே தேங்கிக் கிடந்தனர். அவ்வாண்டு ஏப்பிரலில் உலகைச் சுற்றிவந்த கப்பலொன்று கொழும்புக்கு அப்பால் வந்து நின்றது. அதில் சமையல் வேலையில் இருந்த இலங்கையர் ஒருவர், தம்மை இறக்கிவிடுமாறு காணொளி மூலம் அரசை இரந்து கேட்டார். கடற்படையினர் சென்று அவரை இறக்கினர். சொந்த நாட்டின் கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் கால் வைக்க இயலாது நின்ற ஒருவனுக்கு அக்கரை எவ்வளவு அழகாய்த் தோன்றியிருக்கும்!

2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. வந்தவர்களுள் நம்மவர் பலர். 1990இல் காங்கேசன்துறையையும் அதன் சுற்றூர்களையும் விட்டு ஓடியவர்களின் வீடுகள் எங்கே என்று அவர்களில் ஒருவரேனும் கேட்டிருந்தால் நமக்கு மகிழ்ச்சியே.

இவ்வளவும் எழுதிவிட்டு நாம் குற்றமற்றவராய் விலகி நிற்க முடியாது. சென்ற ஆண்டு மாணவர் முப்பத்தெட்டுப் பேரை லூல்கந்துரைக்கு அழைத்துச் சென்றவர் நாமே. டெயிலர் அமர்ந்திருந்ததாகக் கூறப்படும் கல்லிருக்கையைக் காட்டினோம், வரலாறு சொன்னோம். திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தருகே பெண்கள் கொழுந்து நிறுப்பதற்கு வரிசையாக நின்றனர். மாலை வெயில் பொன்னாய் விழுந்திருந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொன்னோம். முதலில் இறங்கியவரும் நாமே; கைத்தொலைபேசியை உயர்த்தியவரும் நாமே. கூடையோடு நின்ற ஓர் அம்மாளிடம், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா" என்றோம். அவர் திரும்பவில்லை. தலையில் இருந்த கொங்காணியை முன்னே இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். மாணவர் சிலர் சிரித்தனர். படம் சரியாக வரவில்லையே என்ற எரிச்சலோடு நாம் பஸ்ஸில் ஏறினோம்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்காமல் குனிந்திருந்த ஒரே மாணவி இவள்தான். அந்த அம்மாள் அவளுடைய பெரியம்மா என்பது பல வாரம் கழித்தே நமக்குத் தெரியவந்தது. அன்று பெரியம்மா நிறை குறைந்து 'அரைப்பேர்' போடப்பட்டு நின்றாராம். பாதிச் சம்பளம் கையைவிட்டுப் போன வேளையில், தங்கை மகளின் ஆசிரியர் அவரைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? லயத்தையும் பயணிகளுக்குக் காட்டு, உண்மையைப் பார்க்கட்டும் என்று சிலர் கூறுவர். நமக்கு இதில் உடன்பாடில்லை. சென் பியேர் நகரம் அழிந்தபோது உயிர் பிழைத்த மிகச் சிலருள் ஒருவன், தடித்த சுவருள்ள சிறையறையில் அடைக்கப்பட்டிருந்த கைதி. உடல் வெந்து கிடந்த அவனைப் பின்னர் அமெரிக்க சர்க்கஸ் கம்பனி ஒன்று அழைத்துச் சென்று ஊர் ஊராய்க் காட்சிக்கு வைத்தது. மறைக்கப்பட்டவனை வெளியே கொண்டுவருவதும், கொண்டுவந்து கூண்டில் நிறுத்துவதும் ஒன்றல்ல. வறுமையையும் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டால் பயணியின் மனம் சற்று இளகும். லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டேயிருக்கும்.

நம் சிந்தனைக்கு எட்டியவரை, பழுது கண்ணில் இல்லை. பாதை ஒருவழிப் பாதையாய் இருப்பதில் இருக்கிறது. உலகெல்லாம் தேயிலைமலையைப் பார்க்க வருகிறது. தேயிலைமலையில் இருப்பவர் எதைப் பார்க்கப் போகிறார்? ஒருவர் என்றும் காண்பவர், மற்றவர் என்றும் காணப்படுபவர் என்ற பிரிவினை எவ்வாறு வந்தது என்று கேட்டால், அது நேரே கூலியிலும் நிலத்திலும் கொண்டுபோய் விடுகிறது. நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024இல் 1,350 ரூபாவாயிற்று. இதைக்கொண்டு எரிமலைத் தீவுக்குப் போவது இருக்கட்டும்; கடற்கரைக்குப் போய்வர இயலுமா?

இக்கேள்வியை நாம் அம்மாணவியிடமே கேட்டோம். கேட்டதற்காகப் பின்னர் வெட்கினோம். அவள் தயங்காமல், "எங்கம்மா கடல் பார்த்ததில்ல சேர். படத்துலதான்" என்றாள். அவள் அம்மாவின் பாட்டனார் அந்தக் கடலைக் கடந்து வந்தவர்.

அடுத்த பாடசாலைச் சுற்றுலா திருகோணமலைக்கு என்றும், விரும்பும் தாய்மாரும் உடன் வரலாம் என்றும் நாம் முன்மொழிந்தோம். அதிபர் முதலில் தயங்கினார், பின் இசைந்தார். கணித நண்பர், யாரும் கேளாமலே, பஸ் வாடகையில் ஒரு பங்கைத் தாம் தருவதாகச் சொன்னார். சனி இரவு புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புவதாக ஏற்பாடு. தோட்டத்துத் தாய்மார் பதினொருவர் பெயர் கொடுத்தனர். புறப்படும் நேரத்தில் வந்து சேர்ந்தவர் நால்வர். மாதக் கடைசி அது. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்து இருப்பதாகத் தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். மற்ற ஏழு பேரும் மலைக்குப் போய்விட்டனர்.

மாணவியின் தாயார் வந்த நால்வருள் ஒருவரல்லர். மாணவி வந்தாள். நிலாவெளிக் கரையில் பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் இறங்கியபின், அவள் ஒரு வெற்றுப் போத்தலைக் கழுவி, கடல்நீரை நிரப்பி, மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்டோம். "அம்மா உப்புத்தானான்னு கேட்டாங்க" என்றாள்.